வொர்க் கியூவில் போட்ட வேலை சொன்ன நேரத்துக்கு நடக்கவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் முறை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல்களுக்கு நடுவே எங்கள் பெட்டி ஒன்று நிற்கிறது. உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு ஜிஎஸ்எம் மோடம், நீர் இறைக்கும் மோட்டரை இயக்கி நிறுத்த ஒரு ரிலே. வெளியே மழைமானி. கிணற்றுக்குள் ஒரு மிதவைச் சுவிட்ச். நிரல் செஃபிர் (Zephyr) என்ற, சிறு கருவிகளுக்கான இயங்குதளத்தில் எழுதியது. பிழை வந்தால் கல்லடியிலிருந்து புறப்பட்டு, வலையிறவுப் பாலம் கடந்து, மாரி காலமென்றால் கடைசித் துண்டை வரம்பு வழியே நடந்துதான் பெட்டிக்குப் போய்ச் சேரலாம். ஒரே பிழைக்காக அந்த வழியில் இரண்டு தடவை போக எனக்கு விருப்பமில்லை. அதனால் கண்ட பிழைகளை அறிகுறியோடு குறித்து வைக்கத் தொடங்கினேன். அவற்றில் பெரும்பங்கு ஒரே இடத்திலிருந்து வந்தவை: "இதை இத்தனை விநாடி கழித்துச் செய்" என்று வொர்க் கியூவிடம் ஒப்படைத்த வேலைகள்.

முதலில்: வேலை எங்கே நிற்கிறது?

வொர்க் கியூ என்பது ஒரு த்ரெட்டும் (தனியாக ஓடும் ஒரு நிரலோட்டம்) ஒரு வரிசையும்தான். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல, ஒருவர் முறை முடிந்தால்தான் அடுத்தவருக்கு. மேல்வயல்காரர் வாய்க்காலை மறித்து வைத்திருந்தால் கீழ்வயலுக்கு நேரம் வந்தாலும் தண்ணீர் வராது. தாமத வேலைக்கு 30 விநாடி என்று கெடு கொடுத்தால், அந்த 30 விநாடி முடிந்ததும் வேலை வரிசையில் சேரும். ஓடுவது அதற்குப் பிறகு, முன்னால் நிற்பவை முடிந்த பின். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை எந்த அறிகுறியும் பிடிபடாது.

பிரித்துப் பார்க்கச் செஃபிரிலேயே வழி இருக்கிறது. கே_வொர்க்_டிலேயபிள்_பிஸி_கெட் என்ற செயற்கூறு ஓர் எண்ணைத் தரும். 8 என்றால் கெடு இன்னும் முடியவில்லை. 4 என்றால் கெடு முடிந்து வரிசையில் நிற்கிறது. 1 என்றால் ஹேண்ட்லர், அதாவது அந்த வேலையைச் செய்யும் செயற்கூறு, ஓடிக்கொண்டிருக்கிறது. 2 என்றால் ரத்தாகிக்கொண்டிருக்கிறது. 0 என்றால் அந்த வேலையை யாரும் கேட்கவே இல்லை, அல்லது எப்போதோ முடிந்துவிட்டது. இரண்டு நிலை சேர்ந்திருந்தால் எண்களும் கூடி வரும். சந்தேகப்படும் வேலைக்கு இந்த எண்ணை விநாடிக்கு ஒரு தடவை அச்சிடுங்கள். அச்சிடும் வரியை மெயின் த்ரெட்டில் வையுங்கள். அதே கியூவில் வைத்தால், கியூ அடைபட்டிருக்கும் நேரத்தில் அந்த வரியும் வராது.

அப்புறம், ஷெட்யூல் செய்யும் (கெடு கொடுத்து வேலையைப் பதியும்) ஒவ்வோர் இடத்திலும் திரும்பி வரும் மதிப்பை அச்சிடுங்கள். பெரும்பாலான நிரல்களில் அதை யாரும் வாங்கிப் பார்ப்பதே இல்லை. கீழே வரும் பாதிப் பிழைகள் அந்த ஒரு மதிப்பிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: மோட்டர் நிற்கவே இல்லை. அல்லது, தண்ணீர் இருக்கும்போதே நிற்கிறது

இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். எங்களுக்கு இரண்டும் வந்தன, அதுவும் இந்த வரிசையில்.

கிணற்றில் நீர் இறங்கி மிதவை தாழ்ந்தால் 30 விநாடி பொறுத்து மோட்டரை நிறுத்த வேண்டும். மிதவை அசையும் ஒவ்வொரு தடவையும் இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறிக்கும் அழைப்பு) வரும், அதில் கே_வொர்க்_ரீஷெட்யூல் என்று எழுதியிருந்தேன். மேசையில் நன்றாக வேலை செய்தது. வயலில் மோட்டர் இழுக்கும்போது நீர்ப்பரப்பு அலைகிறது, மிதவை துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலும் 30 விநாடியை மறுபடி முதலிலிருந்து தொடக்குகிறது. பத்து விநாடிக்கு ஒரு தடவை துள்ளினாலே போதும், கெடு ஒருநாளும் முடியாது. வயல்கார ஐயா தொலைபேசியில் சொன்னார்: "மனே, கிணத்துக்குள்ள தண்ணி இல்ல, மோட்டர் இன்னும் நிக்குதில்ல."

சரி என்று ரீஷெட்யூலை எடுத்துவிட்டு கே_வொர்க்_ஷெட்யூல் போட்டேன். மூன்று நாள் கழித்து அவரே அழைத்தார்: "முன்னம் நிக்கல்ல. மறுகா இப்ப தண்ணி இருக்கக்குள்ளயே நிக்குது." ஷெட்யூல் நேர்மாறானது. வேலை ஏற்கெனவே கெடுவிலோ வரிசையிலோ இருந்தால் புதுக் கோரிக்கையைத் தொடாமல் 0 என்று திருப்பி அனுப்பிவிடும். புதிதாகப் பதிந்தால் 1 தரும். முதல் துள்ளலில் தொடங்கிய 30 விநாடி அப்படியே ஓடியது. இடையில் நீர் ஏறி மிதவை உயர்ந்ததை அந்த வேலைக்குச் சொல்ல யாரும் இல்லை.

ஆக, ஷெட்யூல் முதற்கெடுவைக் காக்கும், ரீஷெட்யூல் கடைசிக் கெடுவைக் காக்கும். பொத்தான் அதிர்வு போன்றவற்றில், சத்தம் அடங்கிய பிறகு செயற்பட வேண்டும் என்பதால் ரீஷெட்யூல் சரி. "இத்தனை நேரத்துக்குள் கட்டாயம் நடக்க வேண்டும்" என்ற பாதுகாப்பு வேலைக்கு ரீஷெட்யூலைத் தொடாதீர்கள். வெளியிலிருந்து வரும் ஒரு சத்தம் அந்தக் கெடுவை எத்தனை நாளும் தள்ளிக்கொண்டே போகும்.

மிதவைக்கு இரண்டுமே தனியாகப் போதாது. இப்போது அங்கே ஓடுவது இது. இன்டரப்ட் வந்தால் அரை விநாடி கழித்து ஒரு "பார்க்கும் வேலை"யை ஷெட்யூல் செய்கிறது, அவ்வளவுதான். அந்த வேலை, மிதவை இணைந்திருக்கும் பின்னின் (pin) நிலையை நேரடியாக வாசிக்கிறது. காய்ந்திருந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுகிறது, நீர் இருந்தால், பூச்சியத்துக்குக் கீழே போகாமல், ஒன்று குறைக்கிறது. எண்ணிக்கை பூச்சியத்துக்கு மேல் இருக்கும்வரை தன்னைத்தானே மறுபடி அரை விநாடிக்கு ஷெட்யூல் செய்கிறது. 60ஐத் தொட்டால் மோட்டரை நிறுத்துகிறது. அலை அடித்தாலும் பெரும்பாலும் காய்ந்திருக்கும் கிணற்றில் எண்ணிக்கை ஏறியே தீரும். ஹேண்ட்லர் தன் வேலையைத் தானே ஷெட்யூல் செய்யலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகச் செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிலையை ஷெட்யூல் "ஏற்கெனவே இருக்கிறது" என்று கணக்கில் எடுப்பதில்லை.

பழைய நிரலைப் புதுப் பதிப்புக்கு மாற்றிய பிறகு இந்த அறிகுறி வந்தால் இன்னோர் இடமும் பாருங்கள். 2021இல் வந்த செஃபிர் 2.6 பதிப்போடு கே_டிலேய்ட்_வொர்க்_சப்மிட் என்ற பழைய அழைப்பு வழக்கொழிந்தது. அது கெடுவை மறுபடி தொடக்கும் வகை. அதன் இடத்தில் ஷெட்யூல் என்று போட்டால் நிரல் பிழையில்லாமல் தொகுபடும், நடத்தை மட்டும் தலைகீழாகிவிடும்.

அறிகுறி: மழை கூடக் கூட மழைமானியின் கணக்கு குறைகிறது

இதை நான் முதலில் நம்பவில்லை. தூறலில் மானி சரியாகச் சொல்கிறது. கார்த்திகை மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது, பக்கத்தில் வைத்த சாதாரண வாளியை விடக் குறைவாகக் காட்டுகிறது. மானியின் கரண்டி கவிழும் இடத்தைத் துடைத்தோம், காந்தச் சுவிட்சை மாற்றினோம். பிழை அங்கே இல்லை.

கரண்டி ஒரு தடவை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழையில் 12 விநாடிக்கு ஒரு தடவை கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்பிலும் இன்டரப்ட் ஒரு வேலையைக் கியூவில் போடும், அந்த வேலையின் ஹேண்ட்லர் கணக்கில் ஒன்றைக் கூட்டும். பார்க்க ஒழுங்கான நிரல்தான். ஆனால் அதே கியூவில்தான் மோடம் செய்தி அனுப்பும் வேலையும் இருந்தது. கடும் மழையில் சிக்னல் மோசமாகி, இணைப்புக்கு ஒரு நிமிடம் போகும். அந்த ஒரு நிமிடத்தில் கரண்டி ஐந்து தடவை கவிழ்ந்தது. முதல் கவிழ்ப்பு வேலையை வரிசையில் சேர்த்தது. மற்ற நான்கும் வந்து பார்த்தால் அந்த வேலை ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது, ஆகவே 0 என்ற பதிலோடு போய்விட்டன. மோடம் முடிந்ததும் ஹேண்ட்லர் ஒரே ஒரு தடவை ஓடியது. ஐந்து கவிழ்ப்பு ஒன்றானது. மழை கூடினால் சிக்னல் குறைகிறது, சிக்னல் குறைந்தால் கியூ அடைபடுகிறது, கியூ அடைபட்டால் கணக்கு விழுகிறது. எங்கள் பக்கத்து மக்களுக்கு மழைக்கணக்கு எந்த நாளில் முக்கியமோ அந்த நாளிலேயே அது பொய் சொன்னது என்பதுதான் என்னை உறுத்தியது.

ஒரு வேலை ஒரு நேரத்தில் வரிசையில் ஒரு தடவைதான் நிற்க முடியும். அது செய்திப் பெட்டி அல்ல, மணி. மணியை ஐந்து தடவை அடித்தாலும் "வா" என்ற ஒரே செய்திதான் போய்ச் சேரும். எண்ணிக்கையை அதில் ஏற்றக் கூடாது.

திருத்தம் சின்னது. எண்ணுவதை இன்டரப்டிலேயே ஓர் அடாமிக் மாறியில் (மாற்றும்போது நடுவில் யாரும் குறுக்கிட முடியாதது) செய்யுங்கள். ஹேண்ட்லர் வரும்போது அந்த மாறியை வாசித்து ஒரே செயலில் பூச்சியமாக்கி எடுத்துக்கொள்ளட்டும். ஹேண்ட்லர் எவ்வளவு பிந்தினாலும் கணக்கு பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு கவிழ்ப்பின் நேரமும் வேண்டுமென்றால் செய்திகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைக்கும் மெசேஜ் கியூ வையுங்கள், அது வேறு பொருள்.

அறிகுறி: எல்லா வேலையும் சேர்ந்து பிந்துகிறது, பிஸி எண் 4லேயே நிற்கிறது

மேலே சொன்ன அடைப்புத்தான், ஆனால் மழைமானி இல்லாத பெட்டியிலும் வரும். கே_வொர்க்_ஷெட்யூல் என்று மட்டும் எழுதினால் வேலை சிஸ்டம் வொர்க் கியூவுக்குப் போகும். உங்கள் நிரல் மட்டுமல்ல, டிரைவர்களும் மற்ற உள்துறைகளும் அதே கியூவைத்தான் நம்பி இருக்கின்றன. அதற்குள் நின்று மோடத்தின் பதிலுக்குக் காத்திருப்பது வாய்க்காலை மறிப்பதுதான். அந்தப் பதிலைக் கொண்டுவர வேண்டிய வேலையும் அதே வரிசையில் பின்னால் நின்றால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிரந்தரமாக நின்றுவிடும். வாட்ச்டாக்கை (நேரத்துக்குத் தட்டாவிட்டால் போர்டை மீளத் தொடக்கும் காவல் டைமர்) தட்டும் வேலையும் அங்கே இருந்தால் போர்டு அவ்வப்போது தானாக மீளத் தொடங்கும். அப்போது பலரும் மின்வழங்கியைத்தான் சந்தேகிப்பார்கள்.

யார் மறிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு ஹேண்ட்லரின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் நேரத்தைக் குறித்து வித்தியாசத்தை அச்சிடுங்கள். என் அளவுகோல்: சிஸ்டம் கியூவில் 10 மில்லிவிநாடிக்கு மேல் எடுக்கும் எதுவும் அங்கே இருக்கத் தேவையில்லை. அதை விட நீண்டதை உங்கள் சொந்தக் கியூவுக்கு மாற்றுங்கள். தனி ஸ்டாக் (த்ரெட்டின் தற்காலிக நினைவிடம்), தனி முன்னுரிமை, அதில் மோடம் ஒரு நிமிடம் தூங்கினாலும் யாருக்கும் பாதிப்பில்லை.

காத்திருப்பு வேறு, சுழன்றுகொண்டிருப்பது வேறு என்பதையும் பாருங்கள். சிஸ்டம் கியூவின் வழக்கமான முன்னுரிமை −1, அதாவது தானாக விட்டுக்கொடுக்கும் வகை. ஹேண்ட்லர் தூங்கினால் அந்தக் கியூ மட்டும் நிற்கும். ஹேண்ட்லர் ஒரு வெற்று லூப்பில் சுழன்றால் மெயின் த்ரெட் உட்பட அதற்குக் கீழே உள்ள எல்லாம் நிற்கும். அச்சு வரிகளே வராமல் போனால் இரண்டாவது வகை.

அறிகுறி: வேலை ஓடவே இல்லை, பிழைச் செய்தியும் இல்லை

சொந்தக் கியூவுக்கு மாற்றிய உடனே இது வருவது வழக்கம். ஷெட்யூல் 1 என்று பதில் தருகிறது, கெடு முடிகிறது, பிஸி எண் 8இலிருந்து நேரே 0 ஆகிறது, ஹேண்ட்லர் ஓடவில்லை.

கியூவைத் தொடங்க மறந்திருப்பீர்கள், அல்லது தொடங்கும் வரி பின்னால் இருக்கிறது. உடனடி வேலையைத் தொடங்காத கியூவில் போட்டால் −19 என்று பிழை வரும். தாமத வேலையில் அப்படி இல்லை. கெடு முடிந்து வரிசையில் சேர்க்கும் முயற்சி டைமர் பக்கத்தில் நடக்கிறது. அங்கே வரும் பிழையை வாங்க ஆள் இல்லை, அது அப்படியே போய்விடுகிறது. சோதிக்க, தாமதத்தைக் கே_நோ_வெயிட் (தாமதமே இல்லை) என்று ஒரு தடவை மாற்றி ஓட்டுங்கள். −19 கண்ணுக்குத் தெரியும். −16 வந்தால் அந்த வேலை ரத்தாகிக்கொண்டிருக்கிறது, அல்லது கியூ புது வேலைகளை வாங்காமல் மூடப்பட்டிருக்கிறது.

அறிகுறி: சம்பந்தமே இல்லாத இடத்தில் போர்டு விழுகிறது

விழுந்த இடம் டைமர் நிரலுக்குள், அல்லது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம். மூன்று காரணங்களை இந்த வரிசையில் பார்ப்பேன்.

தாமத வேலையின் கட்டமைப்பு ஒரு செயற்கூறின் உள்ளூர் மாறியா? செயற்கூறு முடிந்ததும் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும், டைமர் பட்டியலோ இன்னும் அந்த முகவரியைச் சுட்டிக்கொண்டிருக்கும். அதை ஸ்டாட்டிக் (செயற்கூறு முடிந்தாலும் இடம் மாறாத மாறி) ஆக்குங்கள்.

கெடுவில் இருக்கும் வேலையை மறுபடி இனிஷியலைஸ் செய்கிறீர்களா? இதில் எனக்கு இரண்டு நாள் போனது. மோடம் விழுந்தால் எழுப்பும் செயற்கூறு, "எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கு" என்று கே_வொர்க்_இனிட்_டிலேயபிளையும் அழைத்தது. அது கட்டமைப்பு முழுவதையும் பூச்சியமாக்குகிறது. டைமர் பட்டியல் என்பது ஒன்றையொன்று பிடித்த சங்கிலி. நடுவில் ஒரு கண்ணியின் இரு கைகளையும் வெட்டியாயிற்று. முன் கண்ணி இன்னும் இதைச் சுட்டுகிறது, இதற்கு அடுத்து பூச்சியம். அடுத்த டிக்கில் பட்டியலைத் தொட்டவர் விழுகிறார், வெட்டியவர் எங்கோ நிம்மதியாக இருக்கிறார். இனிஷியலைஸ் செய்வது போர்டு தொடங்கும்போது ஒரே ஒரு தடவை. பிறகு தேவைப்படுவது ரத்து மட்டும்.

மூன்றாவது ஸ்டாக். பல போர்டுகளில் சிஸ்டம் கியூவின் ஸ்டாக் 1024 பைட்டுகள்தான். ஹேண்ட்லருக்குள் 512 எழுத்துக்கு ஒரு பஃபர், அதோடு தசம எண்ணை எழுத்தாக்கும் ஓர் அழைப்பு என்றால் அது தாங்காது. செய்தி நீளமான நாளில் மட்டும் விழுந்தால் இதையே முதலில் பாருங்கள். த்ரெட் அனலைசரை இயக்கினால் எந்த த்ரெட் எவ்வளவு தின்றது என்று காட்டும். பஃபரை ஸ்டாட்டிக் ஆக்குவதுதான் நல்ல திருத்தம். ஸ்டாக்கைப் பெருப்பிப்பது அதற்கு அடுத்தது.

அறிகுறி: ரத்து செய்தும் ஓடுகிறது

கே_வொர்க்_கேன்சல்_டிலேயபிள் கெடுவிலும் வரிசையிலும் இருப்பதை எடுத்துவிடும். ஓடத் தொடங்கிவிட்ட ஹேண்ட்லரை அது நிறுத்தாது. அழைப்பு பூச்சியமல்லாத எண்ணைத் தந்தால் "இன்னும் முடியவில்லை" என்று பொருள். முடியும்வரை காத்திருக்க சிங்க் என்று முடியும் அழைப்பு உண்டு, ஆனால் அதை இன்டரப்டிலும் அதே கியூவின் ஹேண்ட்லருக்குள்ளும் பயன்படுத்தக் கூடாது. இரண்டாவதில் அது தானே முடிவதற்குத் தானே காத்திருக்கும். ஹேண்ட்லரின் கடைசி வரி ரீஷெட்யூல் என்றால் ரத்துக்குப் பிறகும் வேலை உயிர்பெற்று வரலாம். அதனால் "நிறுத்து" என்று ஒரு கொடியை முதலில் ஏற்றி, அப்புறம் ரத்து செய்து, ஹேண்ட்லர் தன்னை மறுபடி பதியும் முன் அந்தக் கொடியைப் பார்க்கும்படி எழுதுங்கள்.

ரிலேயோடு தொடர்புள்ளவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நிறுத்தும் பொத்தானை அழுத்திய அதே நொடியில், மோட்டரை மறுபடி இயக்கும் ஹேண்ட்லர் பாதியில் இருக்க முடியும். பம்பில் பாசியோ கயிறோ சிக்கினால் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். வயலில் வேலை செய்வோரிடம் இதை நேரில் சொல்லுங்கள், பெட்டி மூடியிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

அறிகுறி: நேரம் நாளுக்கு நாள் நழுவுகிறது

காலை ஆறு மணிக்குத் தொடக்கிய பத்து நிமிட அளவீடு மறுநாள் காலையில் ஏறத்தாழ பத்து நிமிடம் பிந்தியிருந்தது. ஹேண்ட்லரின் வேலைக்கு 4 விநாடி, அது முடிந்த பிறகு "இன்னும் 600 விநாடி". ஒரு சுற்று 604 விநாடி, நாளொன்றுக்கு 143 சுற்று. அடுத்த கெடுவை "இப்போதிலிருந்து" எண்ணாமல் "போன கெடுவிலிருந்து" எண்ணுங்கள். போன கெடுவோடு 600000 மில்லிவிநாடியைக் கூட்டி, அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து, மிச்சத்துக்கு ஷெட்யூல் செய்யுங்கள். மிச்சம் எதிர்மறையானால் அந்தச் சுற்றை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அறிகுறி: ஐம்பதாம் நாளில் ஒரு கூத்து

கெடுவை நாமே கணக்கிடத் தொடங்கியதும் இது காத்திருக்கிறது. 32 பிட் மில்லிவிநாடி எண் 49 நாள் 17 மணி 2 நிமிடத்தில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் பெட்டி அதற்கு முன்பே மீண்டுவிடும். சூரியப் பலகையும் நல்ல பற்றரியும் போட்ட பெட்டியில்தான் மாட்டும். விதைப்புக்கு வைத்த பெட்டி வெட்டுக்கு முன் கட்டாயம் இந்த நாளைத் தாண்டும்.

எங்கள் நிரல் விநாடிக்கு ஒரு தடவை "இப்போது, அடுத்த கெடுவை விடப் பெரிதா?" என்று பார்த்தது. நிரம்புவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் அடுத்த கெடுவைக் கணக்கிட்டால் அது நிரம்பி வழிந்து சிறிய எண்ணாகிவிடும். இப்போதைய நேரமோ மிகப் பெரிய எண். ஆகவே ஒவ்வொரு தடவையும் "ஆம், பெரிது". பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் போக வேண்டிய செய்தி ஒன்று முடிய ஒன்றாகப் போனது, சிம்மில் இருந்த காசு கரைந்தது, அதன் பின் பெட்டி பேசவில்லை. காசு தீர்ந்ததுதான் எங்களுக்குத் தெரிந்த அறிகுறி. ஏன் தீர்ந்தது என்று லாக்கைப் பார்த்துத்தான் புரிந்தது.

கே_அப்டைம்_கெட் தரும் 64 பிட் எண்ணையே எல்லா இடத்திலும் வைத்திருங்கள். 32 பிட்டில்தான் முடியும் என்றால் இரண்டு எண்களை நேரே ஒப்பிடாமல், கழித்து வரும் விடையைக் குறியுள்ள எண்ணாக எடுத்துப் பூச்சியத்தோடு ஒப்பிடுங்கள். சோதிக்க ஐம்பது நாள் தேவையில்லை. நேரம் வாசிக்கும் இடத்தை ஒரு சிறு செயற்கூறாக்கி, சோதனைப் பதிப்பில் மட்டும் அதோடு 4294900000ஐக் கூட்டிக் கொடுங்கள். போர்டைத் தொடக்கிய 67ஆவது விநாடியில் எண் சுற்றிவிடும். அதற்கு முன்னும் பின்னும் செய்திகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று மேசையிலேயே பார்த்துவிடலாம்.